பொம்மைப் படம் எல்லாம் பிள்ளைகளுக்கானது அல்ல

பெறுநர்: இணையக் காணொளித் தளங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், அடுத்து எதை ஓடவிடலாம் என்று முடிவு செய்கிறவர்கள்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இந்த மடலை எழுத வைத்தது ஒரு கை சாக்பீஸ் தூள்.

ஒரு நாள் இடைவேளை முடிந்து வகுப்புக்குள் வந்தேன். கரும்பலகையின் அடிச்சட்டத்தில் சேர்ந்திருக்கும் தூளை வழித்தெடுத்து, ஒரு பிள்ளை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. படிப்பில் சுட்டி. அவசரமே இல்லாமல், அம்மா பவுடர் போட்டுவிடுவது போல, விரல் இடுக்கெல்லாம் விடாமல் தேய்த்தாள். "என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். பயப்படவில்லை, மறைக்கவும் இல்லை. "கதைல இப்படித்தான் டீச்சர். கறுப்பு மருமகளுக்குத் தேவதை பவுடர் குடுக்கும். பூசினதும் வெள்ளையாயிடுவா. அப்புறம் மாமியார் சோறு போடுவாங்க."

அப்போதுதான் வேறொன்றும் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தைய சில நாட்களாகக் காலை உணவு வரிசையில் அவள் கடைசியில்தான் போய் நின்றாள். பசியில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். கதையில் கறுப்பு மருமகள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாளாம்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா நடவுக்குப் போயிருந்தார். ஆயாவின் (பாட்டியின்) போனில் ஓடிய கதைகளைத்தான் பிள்ளை பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறாள். எந்தத் தளம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

தமிழில் இப்படி ஒரு வகைக் கதை பெருகிக் கிடப்பது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். பொம்மைப் படம். பளிச்சென்ற நிறங்கள், ஓலைக் குடிசை, மாடு, கிணறு, மந்திரப் பானை. தலைப்பில் 'நீதிக்கதை' என்றோ 'தூங்கும் நேரக் கதை' என்றோ இருக்கும். உள்ளே போனால் ஏழை மருமகள், பணக்கார மருமகள், கறுப்பு மருமகள், குண்டு மருமகள். மாசமாக இருக்கும் பெண்ணைப் பட்டினி போடுகிறார்கள். சீர் கொண்டுவராதவளை மழையில் வெளியே நிறுத்துகிறார்கள். கடைசி ஒரு நிமிடத்தில் மாமியார் திருந்திவிடுவார், அதுதான் நீதி. அதே ஆட்கள், அதே குடிசை, அதே அழுகை. வசனத்தை மட்டும் மாற்றித் தெலுங்கிலும் இந்தியிலும் ஓட்டுகிறார்கள். பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குக் குறையாது. யூடியூபில் எட்டு நிமிடத்துக்கு மேல் போனால்தான் காணொளியின் நடுவே விளம்பரம் செருக முடியும் என்பது 2020 முதல் உள்ள ஏற்பாடு. கதை ஏன் இப்படி இழுக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

இந்தக் கதைகளை அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆயாவுக்கு அவை பிடித்திருக்கின்றன. மாமியார் கொடுமையை அனுபவித்தவர் அவர். கதையில் வரும் மருமகளுக்காக உண்மையிலேயே கண் கலங்குகிறார். பெரியவர்கள் பார்க்கும் சீரியலுக்குப் பொம்மை உருவம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் 'அடுத்து இதைப் பார்' என்று எடுத்துக் கொடுத்தது ஆயா இல்லை. உங்கள் பரிந்துரை.

நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காக்கா கதை ஒன்றைப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். தண்ணீர் தேடும் காக்கா முடிந்ததும் பேராசைக்கார விவசாயி வந்தார். பிறகு மந்திர இட்லிப் பானை. பிறகு ஏழை மருமகளின் இட்லிக் கடை. இட்லியிலிருந்து இட்லிக்குத் தாவியிருக்கிறது, பாருங்கள்! அதற்கடுத்து மருமகளும் நாத்தனாரும். அதற்கும் அடுத்ததில் மாமியார் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை மருமகள் கையில் வைத்தார். ரத்தம் இல்லை. கரண்டி சிவப்பாக இருந்தது, அவள் "அம்மா" என்று அலறினாள். காக்காவிலிருந்து கரண்டிக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தக் காணொளியைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனேன். பட்டியலில் வன்முறை, ஆபாசம், வெறுப்புப் பேச்சு, மோசடி என்று வரிசையாக இருந்தது. 'பெரியவர்கள் பார்க்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது' என்று சொல்ல அதில் இடமே இல்லை. இருப்பதில் பக்கமாக இருந்த ஒன்றை அழுத்தினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. உங்கள் விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இயந்திரம் ஒரு காணொளியை எதைக் கொண்டு அளக்கிறது? படத்தில் ரத்தம், ஆயுதம், நிர்வாணம் இருக்கிறதா. பேச்சில் தடுக்கப்பட்ட சொற்கள் இருக்கின்றனவா. தலைப்பு என்ன சொல்கிறது. அதில் சந்தேகம் வந்தாலோ யாராவது புகார் கொடுத்தாலோதான் மனிதரிடம் போகும். இப்போது தமிழைக் கொஞ்சம் கேளுங்கள். "இவ மூஞ்சில முழிச்சா அன்னைக்கு நாள் விளங்குமா?" இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. "உங்க அப்பன் வீட்டுல இருந்து என்னத்தக் கொண்டாந்தே?" இதிலும் இல்லை. சனியன் என்ற சொல்லை அகராதியில் தேடினால் ஒரு கிரகம். மூதேவி என்றால் திருமகளின் அக்கா. அந்தச் சொற்களை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே, எந்தக் குரலில், யார் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷம் இருக்கிறது. தமிழில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பள்ளியின் சமையல் உதவியாளரிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இதையா டீச்சர் புள்ளைங்க பாக்குதுங்க?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்களுக்கு நினைவிருக்கும், 2017 நவம்பரில் இதேபோல ஒரு சங்கதி ஆங்கிலத்தில் வெடித்தது. குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துக் கொடூரமான காணொளிகள் செய்திருந்தார்கள். அவை குழந்தைகளுக்கென்றே உள்ள யூடியூப் கிட்ஸ் செயலிக்குள்ளும் வடிகட்டியைத் தாண்டி நுழைந்திருப்பதை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஜேம்ஸ் பிரைடில் என்ற எழுத்தாளர் எழுதிய நீண்ட கட்டுரை உலகமெங்கும் பரவியது. சில வாரங்களுக்குள் 1.5 லட்சம் காணொளிகள் நீக்கப்பட்டன. சரிபார்க்கும் பணியில் 10,000 பேருக்கு மேல் இருப்பார்கள் என்று யூடியூபின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சூசன் வோஜ்சிக்கி அறிவித்தார். அதற்கடுத்த ஆண்டு, பெற்றோர் தாங்களே தேர்ந்தெடுத்த காணொளிகள் மட்டும் வரும்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் வந்தது. ஆக, மனம் வைத்தால் நடக்கிறது. அந்த 10,000 பேரில் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்பவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பெரிய தளங்கள் அங்குள்ள ஒவ்வோர் ஆட்சிமொழிக்கும் எத்தனை மனிதச் சரிபார்ப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாக அறிக்கை தர வேண்டும். மால்டா நாட்டில் மொத்தமே ஆறு லட்சத்துக்கும் குறைவானவர்கள்தான் வசிக்கிறார்கள். அவர்கள் பேசும் மால்டீஸ் மொழிக்கும் அந்தக் கணக்கு உண்டு. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் தனி. எங்களுக்கு அந்த எண்ணைச் சொல்லும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கேட்கவில்லை என்பதால் நான் கேட்கிறேன். தமிழுக்கு எத்தனை பேர்? அவர்களில் பிள்ளைகளுக்கான காணொளியைப் பார்ப்பவர் எத்தனை பேர்? கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அவர்கள் காதுக்குப் பிடிபடுமா?

குழந்தைகளுக்குத்தான் தனிச் செயலி கொடுத்திருக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். யூடியூப் கிட்ஸ் 2015-இல் தொடங்கி அடுத்த ஆண்டே இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்பது உண்மை. நான்கு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப்பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பதே வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதில் ஒரு கணக்கு. காலையில் அப்பா நெல் விலை பார்த்து, மதியம் ஆயா கதை கேட்டு, சாயங்காலம் பிள்ளை கைக்கு வருகிறது. மூன்று பேரையும் உங்கள் பரிந்துரை ஒரே ஆளாகக் குழைத்து வைத்திருக்கிறது.

இதனால் நல்ல ஏற்பாடுகளும் எங்களுக்கு எட்டாமல் போகின்றன. அமெரிக்காவில் 2019-இல் குழந்தைகளின் தரவைத் திரட்டிய வழக்கில் யூடியூபும் அதன் தாய் நிறுவனமான கூகுளும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் பிறகு, 2020 தொடக்கத்திலிருந்து, 'இது குழந்தைகளுக்கானது' என்று காணொளி ஏற்றுபவர் குறிக்க வேண்டும். குறித்தால் ஆளைப் பார்த்து வரும் விளம்பரம் நிற்கும், பின்னூட்டமும் மூடிக்கொள்ளும். நல்லது. ஆனால் விளம்பரம் குறைந்தால் வருமானம் குறையும். அதனால் பொம்மைப் படத்துக்கு 'குழந்தைகளுக்கானது அல்ல' என்று குறித்துவிட்டு, தலைப்பில் மட்டும் 'குட்டீஸ் கதைகள்' என்று போட யாருக்கும் ஆசை வரும். 2021-இல் யூடியூப் கிட்ஸ் செயலியில் ஆட்டோபிளே தொடக்கத்திலேயே அணைந்திருக்கும்படி மாற்றினார்கள். பிள்ளைகளுக்குத் தானாக அடுத்தது ஓடக்கூடாது என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று என்றுதானே இதற்குப் பொருள்? ஆயாவின் போனில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் பிரிவைக் கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளோ உங்கள் கணக்கில் ஐம்பத்தெட்டு வயது ஆயாக்களாக இருக்கிறார்கள்.

பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டும்தான். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருப்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் நானும் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். விடிகாலையில் நடவுக்குப் போய்ப் பொழுது சாய வருகிற அம்மாவிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, போனில் பாடம் அனுப்புகிறோம், பிள்ளையிடம் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது நாங்கள். தொடக்கப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் கைக்குப் போன் போனது அப்போதுதான். அதை நான் மறக்கவில்லை, அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய இன்னொரு பதிலும் எனக்குத் தெரியும். யூடியூபில் ஒரு நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான காணொளி ஏறுகிறது. எல்லாவற்றையும் மனிதர் பார்ப்பது நடக்கிற காரியமா? நடக்காது. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவும் இல்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆயிரக்கணக்கில் புத்தகம் இருக்கிறது. சிறுவர் பகுதி என்று ஓர் அலமாரி. அதில் என்ன வைப்பது என்று நூலகர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் வைக்கிறார். மற்ற அலமாரிகளைத் தொட வேண்டாம். பிள்ளைகள் பார்ப்பது போன்ற தமிழ்ப் பொம்மைப் படம் ஒன்று ஓடி முடிந்தால், அடுத்து வருவது அந்த ஓர் அலமாரியிலிருந்து மட்டும் வரட்டும். தமிழ் தெரிந்த ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை, சத்தத்தை வைத்துப் பார்த்து முடித்த காணொளிகள் மட்டும் அதில் இருக்கட்டும். நூறு இருந்தாலும் போதும். பிள்ளைகள் பிடித்ததை நூறு தடவை பார்ப்பார்கள், நான் தினமும் பார்க்கிறேன்.

தேடுதலில் கிடைப்பது வேறு, பரிந்துரை வேறு. தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போகும் உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்க முடியாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு உங்களை ஏறத்தாழ அந்த இடத்தில் வைத்துத்தான் காப்பாற்றுகிறது. ஆனால் தபால்காரர் வீட்டுக்குள் வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இதைப் படித்து முடித்தாயா, அடுத்து இதைப் படி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தால்? யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரையால் வருவது என்று 2018-இல் அந்த நிறுவனத்தின் நீல் மோகனே சொன்னார். இன்று அவர்தான் அதன் தலைமைச் செயல் அதிகாரி. தியேட்டருக்கு வரும் தமிழ்ப் படத்தைச் சென்னையில் தணிக்கைக் குழு உட்கார்ந்து பார்த்து, ஏழு வயதுக்கு ஆகுமா, பதின்மூன்றுக்கு ஆகுமா என்று சான்று கொடுக்கிறது. இணையத்தில் படம் காட்டும் ஓடிடி தளங்களுக்கும் 2021 முதல் வயது குறிக்கும் விதி இருக்கிறது. வீட்டுக்குள், பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடுவதற்கு மட்டும் யாரும் பார்த்துச் சொல்லத் தேவையில்லையா?

அந்த அலமாரியில் வைக்கத் தமிழில் நல்லது இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019-லிருந்து எடுத்து வைத்த பாடல்களும் கதைகளும் உண்டு. குழந்தை நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு தமிழ்ப் படக்கதைகள் கிடக்கின்றன. குரல் கொடுத்தால் காணொளியாகிவிடும். எத்தனையோ ஆசிரியர்கள் சொந்தக் காசில் மைக் வாங்கி, சேனல் தொடங்கி, பிள்ளைகள் பாடுவதை ஏற்றிவைத்து, இருநூறு வியூஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பரிந்துரை அவர்கள் பக்கம் திரும்பியதே இல்லை.

பார்ப்பதற்கு ஆளும் இருக்கிறது. தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) எழுதித் தேறி, வேலைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்களை எங்கள் மாவட்டத்திலேயே எனக்குத் தெரியும். ஐந்து வயதுக்கு எது புரியும், எது ராத்திரி தூக்கத்தில் வந்து பயமுறுத்தும் என்று இரண்டு வருஷம் படித்தவர்கள். தமிழகத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஓய்வு பெற்ற பணியாளர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இவர்களில் கொஞ்சம் பேரை முறையாகச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். ஒப்பந்தக்காரர் வழியாக அற்பக் கூலிக்கு வேண்டாம். கொடூரமான காணொளிகளை நாள் முழுக்கப் பார்த்து மனம் உடைந்த சரிபார்ப்பாளர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டதையும், 2020-இல் ஃபேஸ்புக் அவர்களுக்கு 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதையும் படித்திருக்கிறேன். எங்கள் பெண்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னாய் என்று நீங்கள் கேட்கலாம். கையைக் கழுவிவிட்டேன். கிணற்றடியில் என் கையையும் அவள் கையையும் சேர்த்து வைத்துக் காட்டினேன், நானும் கறுப்புதான். மறுநாள் காலை உணவு வரிசையில் அவளை எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பொங்கல் வாங்கியதும் திரும்பி, "டீச்சர், நீங்க கடைசியா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அது இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை. ஒரு வாரத்துக்கு மேல் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சம்பா வயலில் வேலை இருக்கும், பெரியவர்கள் போய்விடுவார்கள், போன் ஆயாவிடம் இருக்கும். ஆட்களை அமர்த்துவதும் அலமாரி அடுக்குவதும் அதற்குள் முடியாது என்று புரிகிறது. தமிழ்ப் பொம்மைப் படங்களுக்குப் பிறகு அடுத்தது தானாக ஓடுவதை மட்டுமாவது அதற்குள் நிறுத்துங்கள். புகார்ப் பட்டியலில் 'சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது' என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். எத்தனை பேர் தமிழில் பார்க்கிறீர்கள் என்ற எண்ணைப் பொதுவில் சொல்லுங்கள். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்